தை மாதத்தில் பார்த்த வீடு

வேலூருக்கு நான் வந்தது 2021 தை மாதக் கடைசியில். சொந்த ஊர் மயிலாடுதுறை. அலுவலகத்தில் மாற்றல் போட்டுவிட்டார்கள். பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, கூட வர முடியாது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி தனியாக வீடு தேடினால் என்னென்ன கேட்பார்கள் என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். மூன்று வீட்டில் "குடும்பத்துக்குத்தான் விடுவோம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நாலாவது வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே நானும் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு தப்பின் கணக்குத்தான்.

புரோக்கர் தன் பைக்கில் முன்னால் போக, என் ஸ்கூட்டரில் நான் பின்னால் போனேன். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை விட்டு மலைப்பக்கமாக உள்ளே நுழைந்து இரண்டு தெரு தாண்டியதும், "குறுக்கு வழி இருக்கிறது மேடம்" என்று ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினார். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர். நடுவே மணலும் கருங்கல்லும், கிழிந்த மெத்தை ஒன்று, மேய்கிற இரண்டு ஆடுகள். நான் அதை ஒரு மோசமான சந்து என்றே நினைத்தேன். மேடேறி வெளியே வந்தால் வீடு. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கானாறு என்பதும், மலையில் பெய்கிற மழை பாலாற்றுக்குப் போகிற வழி அது என்பதும் பத்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் பிறந்தவர்கள் யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

வீடு மூன்றாம் மாடியில். மேலே மொட்டை மாடி. மணி ஐந்தரை இருக்கும். மேற்கே பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு நேரே மலை. மரம் அதிகமில்லாத வெறும் பாறை மலை. சாயங்கால வெளிச்சத்தில் செம்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்த மாதிரி இருந்தது. சில்லென்று காற்று. கடைமடையில் மலையே பார்க்காமல் வளர்ந்தவள் நான். இந்த ஜன்னலுக்கே வாடகை கொடுக்கலாம் என்று நினைத்தேன். 8,500 ரூபாய் வாடகை, பத்து மாத முன்பணம் 85,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் என்று ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி. படித்தேன் என்று சொல்ல முடியாது.

அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே ஒரு மூத்த ஊழியர் இந்த ஊரின் பழைய பேச்சைச் சொன்னார்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஆகவே கடைசி ஒன்று பொய்த்துவிட்டது, மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன" என்று சிரித்தார். அந்த வருடமே இன்னொன்றும் பொய்க்கப்போகிறது என்று அவருக்கும் தெரியாது.

மாசி பாதியில் ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது குழாயில். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. பாத்திரம் கழுவ விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்து வைக்கப் பழகிக்கொண்டேன். பங்குனி வந்ததும் சுவர். நான் ஆசைப்பட்ட அந்த மேற்குச் சுவரில் இரவு எட்டு மணிக்குக் கை வைத்தால், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். பூஜை அலமாரியில் நிற்க வைத்திருந்த மெழுகுவத்தி ஒரு நாள் இடுப்பு வளைந்து குப்புறக் கிடந்தது. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் அதை அறைக்குள் கக்க ஆரம்பிக்கும். வெளியே வாசலில் காற்று ஆறியிருக்கும்; உள்ளே வேகும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். போதாததற்கு எதிரே அந்தப் பாறை மலை வேறு, அதுவும் பகலில் வாங்கியதை இரவில் திருப்பிக் கொடுக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊருக்கு எங்கள் மயிலாடுதுறைச் சாயங்காலக் காற்றெல்லாம் நேரத்துக்கு வந்து சேராது. இந்த ஊர்ப் பத்திரிகைகள் வெயிலைப் பாரன்ஹீட்டில்தான் எழுதும். நூறைத் தொட்டால் "சதமடித்தது" என்பார்கள். வேலூரில் சதம் ஒரு சாதனையே இல்லை. 106, 108 என்று வந்தால்தான் டீக்கடையில் பேசுவார்கள்.

நான் முதலில் வாங்கியது ஏர் கூலர். 9,200 ரூபாய். ஏ.சி. அறையைப் போல எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுப் போட்டேன். அரை மணி நேரத்தில் அறை குளியலறை மாதிரி பிசுபிசுத்துப்போனது. மூன்று இரவு அப்படியே வெந்த பிறகு கீழ் வீட்டு அக்காதான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்: "ஏம்மா, கூலர் போட்டால் ஜன்னலைத் திறக்க வேண்டும்." கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிரச் செய்கிறது, அந்த ஈரக்காற்று வெளியே போக வழி இருக்க வேண்டும். வேலூரின் பங்குனி, சித்திரை வறண்ட வெயிலில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆடிக்கு மேல் புழுக்கம் வந்ததும் அதைப் போட்டும் ஒன்றுதான், போடாமலும் ஒன்றுதான். இன்னொன்று, அதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் உள்ளே இருக்கும் அட்டை உப்புப் படிந்து அப்பளம் மாதிரி நொறுங்கியது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றில் வருவது கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, புது எவர்சில்வர் குடம் ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், எங்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை. ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா என்று வருடா வருடம் எண்ணிக்கொண்டிருக்கும் ஊர்க்காரி நான். அதே காவிரியைப் பாறை மலை அடிவாரத்தில் நாலு குடத்தில் பிடித்து மூன்று மாடி ஏற்றியபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நீங்களாவது பரவாயில்லை. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள், நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்" என்று அக்கா இன்னும் ஆறாத கோபத்தோடு சொன்னார். வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் "தண்ணீர் எப்படி?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "பிரச்சினையே இல்லை" என்றுதான் சொல்வார்கள். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தால் அதுதான் பதில். காவிரித் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மாடி வரைக்கும் ஏறும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வருகிற தெருக்கள் இருக்கின்றன. தனியாக இருப்பவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சித்திரையில் தளத்துக்குக் குளிர்ச்சி தரும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள் மேடம்" என்றார். பணம் அவர் தருவார் என்று நான் புரிந்துகொண்டேன். அனுமதி தந்தேன் என்பது அவருடைய பொருள். 4,500 ரூபாய் என் கையிலிருந்து போனது. பூச்சு பலன் தந்தது, அதை மறைக்கக் கூடாது. இரவுச் சூடு கொஞ்சம் தணிந்தது. ஆனால் அது வாடகைக்கு இருப்பவள் செய்ய வேண்டிய செலவு இல்லை.

மே முதல் வாரம் தோற்றுப்போய், பழைய ஏ.சி. ஒன்றுக்கு 18,000 பேசி, 5,000 முன்பணம் கொடுத்தேன். மே 10 முதல் முழு ஊரடங்கு வந்துவிட்டது. கடை மூடல், மெக்கானிக் வர முடியாது. அக்னி நட்சத்திரம் முழுவதையும் அந்த மூன்றாம் மாடியில் தனியாகக் கழித்தேன். நனைத்த புடவையை ஜன்னலில் கட்டுவேன். அரை மணியில் காய்ந்து மொரமொரவென்று நிற்கும். பாயை இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். கடைசியில் சமையலறைத் தரைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம் என்று கண்டுபிடித்தேன், அது கிழக்குப் பக்கம் இருந்ததால். பதினெட்டு இரவு சமையல் மேடைக்குக் கீழே படுத்தேன். அம்மா தொலைபேசியில் "புது வீடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மலையைப் பற்றியே பேசுவேன். ஊரடங்கு தளர்ந்து ஏ.சி. மாட்ட ஆள் வந்தபோது ஜூன் மாதம் பாதி.

வந்ததும் அடுத்த அடி. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்கினார். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், 4,320 ரூபாய். மின்வாரியத்தின் அப்போதைய விகிதத்தில் கணக்குப் போட்டால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தமிழ்நாட்டில் அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறிவிடும். இந்தச் சலுகையெல்லாம் இணைப்பு எத்தனை என்பதைப் பொறுத்தது. மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு என்றால் அந்த நூறு யூனிட்டும் மூன்று வீட்டுக்குச் சேர்த்துத்தான். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே, "இந்த வீட்டுக்குத் தனி இணைப்பா, மின்வாரிய அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வெயில்காலத்து வேலூரில் எனக்குப் பிடித்ததும் இருந்தது. பிந்திய வருடங்களில்தான் அதைக் கவனிக்கிற நிதானம் வந்தது. மே மாதம் சிக்னலில் யாரும் கோட்டருகே நிற்க மாட்டார்கள். நாற்பதடி முன்னால் ஒரு வேப்பமரம் இருந்தால் வண்டிகள் எல்லாம் அந்த நிழலின் வடிவத்திலேயே நிற்கும். பச்சை விழுந்ததும் ஒரே மூச்சாகப் பாயும். மத்தியானம் பன்னிரண்டு முதல் நாலு வரை லாங்கு பஜாரிலேயே குரல் தாழ்ந்துவிடும். சி.எம்.சி. என்ற பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள் மட்டும் எப்போதும் நடமாட்டத்தோடு இருக்கும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள், கையில் ஸ்கேன் உறையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்து. நேதாஜி மார்க்கெட்டில் ஒரு அம்மாள் என்னிடமே தர்பூசணி விலையை இந்தியில் சொன்னார். தமிழில் பேரம் பேசியதும் பத்து ரூபாய் குறைந்தது. வீடு தேடுபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பகுதியில் நாள் வாடகைக்கு அறை விட்டே பழகியவர்கள் அதிகம், மாத வாடகைக்கு நியாயமான விலையில் கிடைப்பது கஷ்டம். தள்ளிப் போய்ப் பார்ப்பதுதான் நல்லது.

வைகாசிக்கு மேல் சாயங்கால இடிமழை. நாலரை மணிக்கு மலைக்குப் பின்னால் கறுக்கும், புழுதிக்காற்று ஒன்று தெருவைப் பெருக்கிக்கொண்டு போகும், மின்சாரம் போகும், முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். இங்கே ஆனி, ஆவணியிலும் நல்ல மழை உண்டு என்பது புதிதாக இருந்தது. காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அலுவலகம் போகிற பழக்கத்தை ஒரே வாரத்தில் விட்டேன். அந்த மழையில் கானாற்றில் கணுக்கால் அளவு சிவப்புத் தண்ணீர் ஓடி மறுநாள் காய்ந்துவிடும். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஆடியில் தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் வாங்கிக் குடித்துவிட்டு, கஷ்டகாலம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 2021. தீபாவளியிலிருந்தே விட்டு விட்டு மழை. ஏரிகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று செய்தி. 18-ஆம் தேதி இரவு ஓயாமல் பெய்தது. விடியும் முன் கீழிருந்து அக்காவின் குரல்: "ஏம்மா, உன் வண்டி! வண்டி!" டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடிப்படியின் கீழ் மூன்று படிகள் காணவில்லை. காப்பி நிறத் தண்ணீர், சத்தமில்லாமல், ஆனால் வேகமாக, வாசல் கேட்டின் கம்பிகளுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. யாருடையதோ நீல டிரம் ஒன்று கேட்டில் முட்டி முட்டிச் சுழன்றது. பின்னாலேயே ஜோடி தவறிய செருப்புகள். என் ஸ்கூட்டரில் கைப்பிடியும் கண்ணாடிகளும் மட்டும் தெரிந்தன. அக்காவின் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கப்போனார், மெயின் சுவிட்சை அணைக்க. பெட்டி கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. நல்லவேளை, தெருவில் யாரோ முன்பே சொல்லி மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் மெயின் சுவிட்ச் எங்கே, எந்த உயரத்தில் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, நம்பிக்கையோடு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று முறை. உள்ளே எதுவோ கடக் என்றது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, அப்படியே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறில் முடித்திருப்பேன்" என்றார். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது இயக்கினால் உள்ளே இருக்கும் பாகங்கள் வளைந்துவிடுமாம். 6,400 ரூபாய். காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குத்தான், வெள்ளத்தில் மூழ்கிய என் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு போட்டிருந்தால் கிடைத்திருக்கும். புதுப்பிக்கும்போது ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நானே குறைத்தது அது.

அதைவிடப் பெரிய தப்பு தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி. சாக்கடையும் கானாறும் சேர்ந்து அதற்குள் போயிருக்கின்றன. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் மேலே ஏறியது அந்தத் தண்ணீர்தான். நிறம் தெளிந்துவிட்டதே என்று பல் துலக்கினேன், அரிசி களைந்தேன். நாலாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். ஒன்பது நாள் படுக்கை. விடுப்பு எல்லாம் மேயிலேயே கரைந்துவிட்டதால் சம்பளம் பிடித்தார்கள். மருத்துவச் செலவு 4,100. அக்கா மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தனுப்பினார். அவர்கள் வீட்டிலேயே பீரோ வரைக்கும் நனைந்து கிடந்தது. அந்த நிலையில் எனக்குக் கஞ்சி. அம்மாவிடம் "லேசான சளி" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெள்ளம் வடிந்தால் தொட்டியை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகுதான் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மாடித் தொட்டியையும் சேர்த்து. அதுவரை கேன் தண்ணீர், அதையும் கொதிக்க வைத்து. வீட்டுக்காரர் செய்வார் என்று காத்திருக்காமல் எல்லா வீட்டாரும் பணம் போட்டுச் செய்துவிடுங்கள். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நான் படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் ஊரே பாலாற்றைப் பார்க்கப் போயிருந்தது. மணல் மட்டுமே பார்த்துப் பழகிய ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர். 1903-இல் வந்த வெள்ளத்தைப் பற்றி வாணியம்பாடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவார்கள். அதற்கு நினைவுத்தூணே இருக்கிறது. இந்த முறை வந்ததைப் பேரன்மார் சொல்வார்கள் என்றார் அலுவலகத்தில் அந்த மூத்தவர். கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்த செய்தியைப் படித்த பிறகு என் ஸ்கூட்டரைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை. மாதக் கடைசியில், 29-ஆம் தேதி விடியற்காலை, நில அதிர்வு வேறு. நான் எழுந்திருக்கவே இல்லை. மாத்திரையின் தயவு.

தெருவில் தண்ணீர் வந்ததைப் பற்றிக் கேட்டபோது வீட்டுக்காரர், "இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை" என்றார். முனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "யார் சொன்னது? 2015-லும் வந்தது, போன வருஷப் புயலுக்கும் கேட் வரைக்கும் வந்தது. நான் வண்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் போய்விடுவேன்" என்றார். பத்து மாதமாக வாரம் இரண்டு முறை அவரிடம் துணி கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெருவைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால் இஸ்திரிக்காரரிடம், பால் போடுபவரிடம், ஆட்டோ ஓட்டுநரிடம் கேளுங்கள். ஆட்டோக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "மழை நாளில் இந்தத் தெருவுக்கு சவாரி வருவீர்களா?"

மார்கழி வந்ததும் இந்த ஊர் மறுபடியும் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றது. காலை எட்டு மணி வரை மலையைக் காணவில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றினார்கள். சந்தையில் இலவம்பாடி முள் கத்திரிக்காய். காம்பில் முள் கையைக் குத்தும், ஆனால் எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய். தை பிறந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில் எருது விடும் விழா. ஜன்னலில் அதே செம்புமலை. வீட்டை மாற்ற வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது, அவ்வளவு அழகு. அப்போதுதான் முடிவெடுத்தேன்: வெளியேறுவது நிச்சயம், ஆனால் அடுத்த வீட்டைத் தை மாதத்தில் பார்க்கமாட்டேன். மே வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

2022 ஜூனில் காலி செய்தபோது வண்ணம் அடிக்க, சுத்தம் செய்ய என்று 12,000 பிடித்துக்கொண்டார்கள். வெள்ளச் சேறு படிந்த கீழ்ச்சுவருக்கும் சேர்த்து அடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்க ஒரு படம்கூட என்னிடம் இல்லை. குடிபோகும் அன்றே எல்லாச் சுவரையும் குழாயையும் கதவையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்திருக்க வேண்டும். மீதி 73,000-இல் 50,000 கையில் தந்தார். மிச்சம் மூன்று தவணையாக, தீபாவளி வரைக்கும் நடந்து வாங்கினேன். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சட்டத்தைப் பேசினால் வீடு கிடைக்குமா என்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற இரண்டு வரியையாவது தாளில் எழுத வைக்கலாம். கூலர், தளப்பூச்சு, மின்சாரத்தில் கூடுதலாகக் கொடுத்த 3,250, வண்டி, மருந்து, பிடித்தம், தரகு எல்லாம் கூட்டினால் 47,950. தரகு எப்படியும் போயிருக்கும் என்று கழித்தாலும் 39,450. ஒன்பது நாள் சம்பளம் தனி. ஏ.சி.யை நான் சேர்க்கவில்லை, அது இன்னும் ஓடுகிறது.

இப்போது இருக்கும் வீடு வேலூரிலேயே பாகாயம் பக்கம். மே மாதம் இரண்டரை மணிக்கு, வேண்டுமென்றே சாப்பாட்டு நேரம் முடிந்து வெயில் உச்சியில் இருக்கும்போது போனேன். முதல் மாடி, அதற்கு மேலே இன்னொரு வீடு. ஆகவே என் தலைக்கு நேரே வெயில் இல்லை. மேற்கே ஒரு கிழட்டு வேப்பமரம். செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாக நடந்தேன். சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன். குழாயின் வாயைப் பார்த்தேன். கையோடு கொண்டுபோன சோப்பை வாளித் தண்ணீரில் நுரைத்துப் பார்த்தேன். கீழே திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பாட்டி, புடவைத் துணி வாங்க வந்தவளைப் போல நான் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பதைக் கண்டு எதுவும் சொல்லவில்லை. "போன நவம்பரில் இங்கே தண்ணீர் எதுவரைக்கும் வந்தது பாட்டி?" என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெதுவாக நடந்து கேட்டுக்கு வெளியே வந்து, எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒரு முழ உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். பிறகு திரும்பி, தன் வீட்டுப் படிகளை எண்ணிக் காட்டினார். கோடு இரண்டாவது படியோடு நின்றிருந்தது. மேலே இன்னும் நாலு படி.

"பதினைந்து வருஷமாக வாடகைக்கு விடுகிறேன். மழையைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நீதான் கேட்டிருக்கிறாய்" என்றார் பாட்டி.

எனக்குப் பெருமையாக இருந்தது. திண்ணையில் மறுபடி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமாம், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்றார்.